ஏழாம் வினா

கிரேக்க உரோம நாகரிகம், இரண்டாம் பகுதி.
கட்டுக்கு முப்பத்தைந்து விடைத்தாள்.
டச்சுக்குடாப் பக்கம் திறந்த மண்டபம்,
உப்புக்காற்றில் தாள் பறக்காமலிருக்க
மேசைக்கொரு கல் வைத்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து சலமிஸ்தான் வருகிறது.
குறுகிய நீரிணை, குறுகிய நீரிணை என்று
பாடமாக்கியதைப் பிள்ளைகள் இறக்கிவைக்க
நானும் சரி போட்டுக்கொண்டு போகிறேன்.
திரும்ப இடமில்லாமல் ஒரு கப்பலின் துடுப்பை
இன்னொரு கப்பல் முறித்ததற்கு இரண்டு புள்ளி.
கரையில் சிம்மாசனம் போட்டுப்
பாரசீக மன்னன் பார்த்திருந்ததற்கு ஒன்று.
'கோணமலை உச்சிபோல ஓர் உயரத்தில்'
என்று எழுதியிருக்கிறது ஒரு பிள்ளை.
எங்கள் ஊராக இருக்கும். கூட்டிப்போட வழியில்லை.
கடலுக்கு முந்நூறு சவுக்கடி கொடுத்தவனும் அவன்தான் என்று
கேட்காததையும் சேர்த்திருந்தது.
சிரித்தேன்.
அடித்துக் கேட்டாலும் கடல்
தெரியாது என்றுதான் சொல்லும்.

பக்கத்து மேசை ஜெஸீமா, கிண்ணியாக்காரி.
தேர்மோப்பிலேயில் முந்நூறு பேர்தானா,
கூட நின்று செத்த தெஸ்பியரை எண்ணுவதில்லையா என்று
பிரதம பரீட்சகரோடு வாதாடிவிட்டு வந்து
ஆறிப்போன தேநீரை முறைக்கிறாள்.

பாரசீகன் போனபின் தங்களுக்குள் தொடங்கினார்கள்.
ஏதென்ஸ், ஸ்பார்ட்டா. இருபத்தேழு வருஷம்.
எங்களுடையதைவிட ஒன்று கூட.

ஏழாம் வினா ஆர்கினூசே.
யாரும் தொடாத வினா. இருபத்தோராவது தாள் தொட்டிருக்கிறது.
கடற்போரில் ஏதென்ஸ் வென்றது.
உடைந்த பலகைகளைப் பிடித்தபடி
ஏதென்சின் ஆட்களே மிதந்தார்கள்.
எடுக்கப் போகவில்லை. புயல் என்றார்கள் தளபதிகள்.
ஊர் கூடி விசாரித்தது.
எட்டுப் பேரில் இருவர் வீடு திரும்பவேயில்லை,
திரும்பிய ஆறு பேருக்கும் மரணம்.
பிறகு ஊர் வருந்தியது,
தூண்டிவிட்டவர்களைத் தேடியது.
எல்லாம் சரி. பதினாறு புள்ளி.

அதற்குக் கீழே இரண்டு வரி,
குறுக்கே ஒரு கோடு.
வெட்டியதை வாசிக்கக் கூடாது என்பது விதி.

'வென்றவர்களையே கேட்டிருக்கிறார்கள்.
அப்பா போன அன்று புயல் இல்லை.'

கல்லை எடுத்துத் தாளின் மேல் வைத்தேன்.
பிறகு அதே கல்லை எடுத்து
இந்தப் பக்கம் வைத்தேன்.

தவநேசன் மூதூர்ப் படகில் ஏறியது ஓர் ஆடிமாதம்.
கொட்டியாரக்குடா பாய் விரித்ததுபோலக் கிடந்தது.
எனக்குத் தம்பி. நீல நிறச் சட்டை,
இடது கைமுட்டியில் பழைய தையல்.
மூன்று ஆணைக்குழுவுக்கும் அதே படத்தைத்தான் கொடுத்தோம்,
மூன்றாவதற்குக் கொடுக்கையில்
ஓரம் கிழிந்து காது போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால்
ஆர்கினூசேயில் உண்மையாகவே புயல் வந்திருக்கலாம்.
அந்த ஆறு பேரில் ஒருவனாவது
கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம்.
நஞ்சு கேட்கவில்லை நான்.
புயல் என்று ஒருத்தன் வந்து
எங்கள் வாசலில் பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் மண்டபத்துக்குள் மான் ஒன்று வந்து
சோற்றுப்பார்சல் கடதாசியைத் தின்றது.
யாரும் விரட்டவில்லை.

ஜெஸீமாவிடம் தாளைக் காட்டினேன். காட்டக் கூடாது.
சுனாமியில் போன தங்கையைப்
பதினோராம் நாள் சேற்றிலிருந்து எடுத்தவள் அவள்.
வெட்டிய வரியை வாசித்தாள், வெட்டாததையும் வாசித்தாள்.
நெடுநேரம் கழித்துத்தான் கேட்டாள்:

"ஆறு பேரையும் கொன்டாங்க, சரி.
அதுக்குப் பொறகாவது
மிதந்தவங்களத் தேடி யாரும் போனாங்களா?"

புள்ளித்திட்டத்தைப் புரட்டினோம்,
முன்பக்கம், பின்பக்கம்.
பச்சை மைக்காரர் அடுத்த கட்டைக் கேட்டு
எங்கள் மேசைக்கு வந்து நின்றார்.